காரின் மைலேஜ்: சொன்னதும் கிடைத்ததும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்வருபவர், "லிட்டருக்கு 20 என்றார்களே, 15 தானே தருகிறது" என்று குழம்புவது இயல்பு. அந்த 20 எங்கிருந்து வந்தது?

இந்தியக் கார் நிறுவனங்கள் சோதனை மைலேஜைத் தாங்களாக வெளியிடத் தொடங்கியதே 2009-ல்தான். அதுவும் சாலையில் எடுத்ததல்ல. ஆய்வுக்கூடத்தில், உருளைகள் மேல், ஏ.சி. போடாமல், சுமார் 20 நிமிடம், 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டிய கணக்கு. கடைத்தெரு நெரிசல் அதில் ஏது!

அதற்காக எப்போதும் ஓட்டுபவரையே குறை சொல்லவும் முடியாது. மறைமலை நகரில் 2022 வரை கார் தயாரித்த ஃபோர்டு நிறுவனம், அமெரிக்காவில் சி-மேக்ஸ் ஹைப்ரிட் காலனுக்கு 47 மைல் தரும் என்றது. அது உண்மையில் ஃப்யூஷன் என்ற வேறு மாடலைச் சோதித்த எண். எஞ்சின் ஒன்றுதான் என்பதால் விதியும் அதை அனுமதித்தது! ஆனால் உருவம் வேறு, காற்றுத் தடையும் வேறு. வாங்கியவர்கள் புகார் செய்தபின் அரசு அமைப்பு சோதித்தது. 2013 ஆகஸ்டில் 47 என்பது 43 ஆனது. வாங்கியவர்களுக்கு 550 டாலர் கொடுப்பதாக ஃபோர்டு அறிவித்தது.

புகாருக்குக் கையில் கணக்கு வேண்டும். டாங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்து, ஓட்டி, மறுபடி நிரப்ப வேண்டும். 420 கி.மீ. ஓடி 28 லிட்டர் பிடித்தால் 15. ஒரு தடவை போதாது. மூன்று நான்கு முறை, அதே பங்கில், டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு.