இதயத்துக்குள் ஒரு குமிழி

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் காலடியிலேயே ஆழம் தொடங்கிவிடுகிறது. திருகோணமலைத் துறைமுக வாயிலுக்கு அப்பால் கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு ஓடுகிறது. இந்தக் கடலில் தலைமுறை தலைமுறையாக மூச்சை அடக்கிச் சுழியோடியவர்கள் சங்கு எடுத்து வந்தார்கள். நீரோட்டத்துக்குப் பயந்தார்கள், சுறாவுக்குப் பயந்தார்கள். ஆனால் வேலை முடிந்து படகேறி, வெற்றிலை போட்டுக்கொண்டு பேசியிருந்தவன் திடீரென்று தோளைப் பிடித்தபடி சாய்ந்துவிடும் சாவு அவர்களுக்குப் பழக்கமில்லாதது. அது காற்றுக் குழாயோடு கூட வந்தது.

அந்தச் சாவின் முதல் தடயம் கிடைத்த இடத்தில் கடலே இல்லை. இங்கிலாந்தில் ரொபர்ட் பொயில் ஒரு விரியன் பாம்பைக் கண்ணாடிக் கலத்துக்குள் அடைத்து, உள்ளிருந்த காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்தார். பாம்பு துடித்தது. அதன் கண்ணின் நீருக்குள் ஒரு குமிழி இங்குமங்கும் அசைந்தது. 1670இல் அதை எழுதிவைத்துவிட்டு அவர் வேறு வேலை பார்க்கப் போனார். உடம்புக்குள் அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இருநூறு வருடம் காத்துக் கிடந்தது.

கேள்வியை மறுபடி எழுப்பியவர்கள் கிரேக்கத் தீவுகளின் கடற்பஞ்சுச் சுழியோடிகள். 1860களில் அவர்கள் கைக்குச் செம்புத் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் கொண்ட புது உடை வந்து சேர்ந்தது. நாள் முழுக்க அடியில் நிற்க முடிந்தது, காசு குவிந்தது. கூடவே இளைஞர்கள் கால் விழுந்து கிடந்தார்கள், செத்தும் போனார்கள். பிரெஞ்சு உடலியலாளர் போல் பெர்ட் நாய்களை அழுத்த அறைக்குள் வைத்து, அழுத்தத்தைத் திடீரென்று இறக்கிப் பார்த்தார். செத்த நாயின் நெஞ்சைத் திறந்தபோது இதயத்தின் வலப்பக்கம் நுரைத்த இரத்தத்தால் நிறைந்திருந்தது. காற்றைப் பிடித்துச் சோதித்தார், பெரும்பங்கு நைதரசன். சோடாப் போத்தலின் கதைதான் அது. மூடி இருக்கும்வரை காற்று கரைந்து கிடக்கும். சட்டென்று திறந்தால் பொங்கும். ஆழத்தில் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்த நைதரசன், சுழியோடி அவசரமாக மேலே வந்ததும் பொங்கியது. இதயம் நுரையைத் தள்ளத் தெரியாமல் திணறி நின்றது. 1878இல் பெர்ட் இதைப் புத்தகமாகவே போட்டார். காரணம் பிடிபட்டுவிட்டது, தடுக்கும் வழி மட்டும் பிடிபடவில்லை.

வழியை ஆடுகள் காட்டின. பிரித்தானியக் கடற்படைக்காக ஜோன் ஸ்கொட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறைக்குள் அடைத்து, எவ்வளவு மெதுவாக வெளியே கொண்டுவந்தால் அவை நொண்டாமல் நடக்கின்றன என்று கணக்குப் பார்த்தார். 1906இல் ஸ்கொட்லாந்தின் கடற்கழி ஒன்றில் கடற்படை வீரர்கள் 210 அடி வரை இறங்கி, படிப்படியாக நின்று நின்று ஏறி, நலமாகக் கரை சேர்ந்தார்கள். அந்தப் பயணத்தில் ஹால்டேனின் 13 வயது மகனும் நீருக்குள் இறங்கினான். அவன்தான் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் காலமாகி, தன் உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்துப் போன ஜே.பி.எஸ். ஹால்டேன். 1908இல் வெளிவந்த அட்டவணையைக் கடற்படை ஏற்றுக்கொண்டது. திருகோணமலையும் அப்போது அதே கடற்படையின் துறைமுகம். அட்டவணை உயிரோடு இருப்பவர்களைக் காத்தது. மீறிச் செத்தவன் எதனால் செத்தான் என்பதை நிரூபிக்க அதனால் ஆகவில்லை.

அந்தக் கேள்வி விரைவிலேயே கடற்படையின் வேலியைத் தாண்டியது. 1943இல் பிரான்ஸில் குஸ்தோவும் காஞானும் முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்து மூச்சுக்கேற்பக் காற்றைத் தரும் கருவியை உருவாக்கினார்கள். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் அப்படியொரு சிலிண்டரோடு சுவாமிமலையின் அடியில் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் தூண்கள் கடலடியில் கிடப்பதைக் கண்டார். பிற்பாடு சிலிண்டர் மீனவர் கைக்கும் வந்தது. சங்கும் கடலட்டையும் தேடி ஒரே நாளில் சிலிண்டருக்கு மேல் சிலிண்டர் மாற்றி இறங்கினார்கள். அடியில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று சொல்லும் கருவி பலரிடம் கிடையாது. ஒருவன் வலியோடு ஏறினால் கடற்படைத் தளத்தின் மறுஅழுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். பிணமாக வந்தால் போகிற இடம் வேறு.

அந்த இடம் பிரேத அறை. சட்ட வைத்திய அதிகாரிக்குப் பாடப்புத்தகம் கற்றுத்தந்த முறை ஒன்று உண்டு. எளிமையில் அதை மிஞ்ச வேறு முறை இல்லை. நெஞ்சைத் திறந்து, இதயத்தைச் சுற்றியுள்ள உறையைக் கிண்ணம் போலாக்கி, தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். நீருக்கடியில் இதயத்தின் வலது கீழறையில் ஒரு குத்து. குமிழி கிளம்பி மேலே வந்தால் உள்ளே காற்று இருந்தது என்று பொருள். ஆனால் நெஞ்செலும்பை அறுக்கும்போதே, கழுத்து நாளங்கள் அறுபடும்போதே வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடக்கூடும். நம் ஊர் வெயிலில் உடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கி, தானே வாயுவை உண்டாக்கும். சாட்சியைத் தேடிப் போன கத்தியே சாட்சியைக் கலைத்தது. கத்தி படுமுன் உள்ளே பார்க்க ஒரு கண் வேண்டியிருந்தது.

சி.ரி. ஸ்கேன் என்ற அந்தக் கண்ணைச் செய்தது ஓர் இசைத்தட்டுக் கம்பெனி. லண்டனின் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியியலாளர் கொட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்ட், பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிரைச் செலுத்தி, கணினியால் உள்ளுருவத்தைக் கட்டி எழுப்ப முடியும் என்று நம்பினார். முதல் சோதனையில் ஒரு படம் எடுக்க ஒன்பது நாள் பிடித்தது. பதப்படுத்திய மூளையையும், இறைச்சிக் கடையிலிருந்து வாங்கிவந்த மாட்டு மூளையையும் வைத்துப் படம் எடுத்தார். உயிரோடிருந்த நோயாளியை அந்த இயந்திரம் பார்த்தது 1971 ஒக்டோபரில்தான். இறந்ததை அதற்கு முன்பே பார்த்துப் பழகியிருந்தது. அவர் பெயரால் அமைந்த அளவுகோலில் தண்ணீருக்குப் பூச்சியம், காற்றுக்குக் கழித்தல் 1000. வெட்டும் மேசையில் கண்ணுக்குத் தெரியாமல் நழுவிய காற்று, திரையில் கன்னங்கரிய திட்டாகத் தெரிந்தது. பிரேத அறையையும் இந்த இயந்திரத்தையும் சேர்த்து யோசிக்க ஒருவர் வேண்டியிருந்தது.

இருவர் யோசித்தார்கள். சுவீடனின் லுண்ட் நகரில் சட்ட மருத்துவர் கிராண்ட்ஸும் கதிரியலாளர் ஹோல்டோஸும், சுழியோடும்போது இறந்துபோன ஒருவரின் உடலை அந்த இயந்திரத்துக்குள் செலுத்தினார்கள். 1983இல் வெளிவந்த அவர்களது கட்டுரை மூன்றே பக்கம். தலையில் குண்டு பாய்ந்த உடலை 1977இலேயே ஜெர்மனியில் இப்படிப் பார்த்திருந்தார்கள். ஆனால் கத்தி தொட்டால் கலைந்துவிடும் காற்றைத் தேடி இறந்தவரை சி.ரி. ஸ்கேன் எடுத்தது இங்கேதான். இன்று உலகம் பிரேத ஸ்கேன் என்று அறிந்திருக்கும் முறையின் தொடக்கங்களில் ஒன்று, சுழியோடப் போன ஓர் உயிர். கட்டுரை வெளிவந்தது, அதன் பிறகு பதினைந்து வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

மௌனத்தைக் கலைத்தவர்களில் மருத்துவர் அல்லாதவர்களும் உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் யூதக் குடும்பங்கள், இறந்தவரின் உடலில் கத்தி படக்கூடாது, அடக்கமும் தாமதிக்கக்கூடாது என்று மன்றாடின. 1990களின் பிற்பகுதியில் அங்கே எம்.ஆர்.ஐ. ஸ்கேனைப் பார்த்தே இறப்புக்குக் காரணம் எழுதும் சேவை தொடங்கியது. திருகோணமலைக்கு அருகே கிண்ணியாவிலும் மூதூரிலும் மையித்தை, அதாவது இறந்தவரின் உடலை, அடக்க வேண்டிப் பிரேத அறை வாசலில் காத்து நிற்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு அந்த மன்றாட்டின் கனம் விளக்காமலே புரியும். அதே வேளையில் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் ரிச்சர்ட் டிர்ன்ஹோஃபரும் மைக்கேல் தாலியும் இதை முழு விஞ்ஞானமாக்க முனைந்தார்கள். 40 உடல்களை ஸ்கேனும் செய்து, வெட்டியும் பார்த்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். ‘விர்டொப்சி’ என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. கத்தியின் காலம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். அப்போதுதான் இதயம் அவர்களை ஏமாற்றியது.

மான்செஸ்டரிலும் ஒக்ஸ்ஃபோர்ட்டிலும் 182 உடல்களை ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வந்தது. பிரேதப் பரிசோதனை சொன்ன காரணத்தோடு சி.ரி. ஸ்கேன் பெரிதாக முரண்பட்டது 32 சதவீதம். அதிகம் தவறவிட்டவற்றில் இதய நாள நோயும் நுரையீரல் நாள அடைப்பும் இருந்தன. நெஞ்சில் காற்றைத் தேடப் புறப்பட்ட முறை நெஞ்சிலேயே தடுமாறியது. காரணம் எளியது: நின்றுபோன இதயம் எதையும் ஓடவிடாது. உயிருள்ளவருக்கு ஊசியில் ஏற்றும் சாயத்தை இரத்தம் சுமந்துபோய் அடைப்பைக் காட்டிக்கொடுக்கும். இறந்தவருக்கு அதைச் சுமக்க ஆளில்லை. தள்ளி ஏற்றினாலும் தண்ணீர்ச் சாயம் நாளச் சுவர் வழியே கசிந்து போகும்.

இதற்கு ஒரு மருந்தை அதற்கு முன்பே, யாரும் எதிர்பாராத பீப்பாயிலிருந்து எடுத்திருந்தார் சட்ட மருத்துவர் சில்கே கிராபெர். எண்ணெய் கசியாது என்று கணித்து, 2006இல் அவர் முன்வைத்தது டீசல். மீன்பிடித் துறையெல்லாம் மணக்கிற அதே டீசல், இறந்த உடலின் நாளங்களுக்குள் ஓடியது. பின்னர் அதன் இடத்தை பரஃபின் எண்ணெய் பிடித்தது. இங்கிலாந்தின் லெஸ்டரில் கை ரட்டியின் குழு கழுத்து நாளம் வழியே குழாய் விட்டு, இதயத்துக்கு மேலே சிறு பலூனை ஊதி அடைத்து, இதயத்தின் சொந்த நாளங்களுக்குள் சாயத்தை மட்டுமல்லாமல் காற்றையும் ஏற்றியது. சுழியோடியைக் கொன்ற அதே காற்று இப்போது வழிகாட்டியாக நின்றது. 2017இல் வெளியான அவர்களது ஆய்வில் 210 உடல்களில் 92 சதவீதத்துக்கு ஸ்கேனே காரணம் சொன்னது. 2021 மார்ச்சில் புதுதில்லி எய்ம்ஸில் இதற்கெனத் தனி மையம் திறந்தது. தென்னாசியாவுக்கும் அந்தக் கண் வந்து சேர்ந்தது.

ஆனால் முதலில் தேடிப் போன குமிழி இன்னொரு திருப்பத்தை வைத்திருந்தது. விலங்குகளின் உடல்களைக் கொண்டு நடந்த சோதனைகளில், ஆழத்திலேயே இறந்த உடலை மேலே கொண்டுவந்தாலும் திரையில் கரும்திட்டுகள் தெரிந்தன. சோடாப் போத்தலுக்கு உயிர் தேவையில்லை. முப்பது மீற்றர் ஆழத்தில் மாரடைப்பால் இறந்தவனின் இதயத்திலும் குமிழி பொங்கும்; மூச்சைப் பிடித்தபடி அவசரமாக ஏறி, நுரையீரல் கிழிந்து இறந்தவனின் இதயத்திலும் தெரியும். இடப்பக்கமா, வலப்பக்கமா, நெஞ்சறையில் காற்று கசிந்திருக்கிறதா என்று நுணுகிப் பார்க்கலாம். ஸ்கேனை இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தால் அழுகல் வாயுவை ஒதுக்கலாம். அதற்கு மேல் திரையால் தனியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் உலகின் எந்த மூலையில் சுழியோடி இறந்தாலும், அந்தக் கரும்திட்டை வாசிக்கும் மருத்துவர் முதலில் தேடுவது படகில் கூட இருந்தவரை. எத்தனை சிலிண்டர், எவ்வளவு ஆழம், தானாக ஏறினானா, தூக்கி ஏற்றினீர்களா, ஏறியபின் பேசினானா. திருகோணமலையில் திடீர் மரண விசாரணை அதிகாரி நனைந்த சாரத்தோடு நிற்கும் படகோட்டியிடம் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய இவைதான்.