பிறையும் ஞாயிறும்: கண்டியின் விடுமுறைக் கணக்கு

வணிகம் கருதியோ ஊர் காணும் விருப்பினாலோ கண்டி மாநகருக்கு வரும் வெளிநாட்டார் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது ரயில் புறப்படும் நேரமன்று. பௌர்ணமி என்று வருகிறது என்பதேயாகும். பௌர்ணமியன்று அரசு அலுவலகங்களும் வங்கிகளும் மூடப்பட்டிருக்கும். மதுக்கடைகள் திறப்பதில்லை, இறைச்சி விற்பனையும் இல்லை. வெள்ளாடை உடுத்த மக்கள் கூட்டம் கூட்டமாகத் தலதா மாளிகையை நோக்கி நடப்பர். வழிபாட்டிற்கு வந்தவர்க்கு அது நன்னாள். கடனுறுதிப் பத்திரத்தில் கையொப்பம் பெற வந்தவர்க்கோ அது வீணாய்க் கழியும் நாள்.

இந்த இடர்ப்பாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிபட்ட ராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், ஏறக்குறைய இருபதாண்டுக் காலம் மலைநாட்டில் சிறைப்பட்டு வாழ்ந்தார். சிறை என்றாற் கூட்டில் அடைத்து வைத்ததன்று. ஊர் எல்லை கடவாது பிழைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. நொக்ஸ் குல்லாய் பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். நாளடைவில் மூட்டை சுமந்து ஊரூராய்த் திரியும் வியாபாரியுமானார். அவ்வியாபாரத்தையே சாக்காகக் கொண்டு வடதிசை சென்று, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் வெளிவந்த அவருடைய நூலில், கண்டியில் ஆண்டுதோறும் அமாவாசையில் தொடங்கிப் பௌர்ணமி வரை நடைபெறும் பெரஹரா விழாவைப்பற்றியும், தேவாலயங்களில் தெய்வங்களிடம் முறையிட மக்கள் புதனும் சனியும் கூடுவதைப்பற்றியும் எழுதியுள்ளார். ஊர்மக்கள் எந்நாளில் எங்கே கூடுவர் என்பதை அறியாத மூட்டை வியாபாரி பிழைக்க முடியாதன்றோ!

பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைப் பட்டினத்திலிருந்தும் தூதுவர் வந்தனர். 1762இல் ஜான் பைபஸ் என்பவரைக் கும்பினியார் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னரிடம் அனுப்பினர். 1782இல் ஹியூ பாய்ட் என்பவர் ராஜாதி ராஜசிங்கரைக் காண வந்தார். இவ்விரு மன்னரும் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழியினர். தூதுவர் நினைத்த நாளில் அரண்மனைக்குட் செல்ல இயலாது. தலைநகருக்கு வெளியே தங்கி, அழைப்பு வரும் வரை காத்திருத்தல் வேண்டும். பாய்டுக்குப் பேட்டி கிடைத்ததும் இரவு நேரத்திலேயே. அத்துணைக் காத்திருந்தும் உடன்படிக்கை எதுவும் கைகூடாமலேயே அவர் திரும்பினார். அந்நாளில் காலத்தை வகுத்தவர் மன்னர். வந்தவர் இணங்கி நடந்தார்.

1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை எழுதப்பட்டபின் நிலைமை மாறியது. பௌத்த சமயத்தைக் காப்பதாக ஆங்கிலேயர் அவ்வுடன்படிக்கையில் உறுதி கூறினர். ஆயினும் அலுவலகத்தின் வாரம் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றியே அமைந்தது. தலதா மாளிகைக்கு அணித்தே தூய பவுல் தேவாலயம் எழுந்தது. 1867இல் ரயில் கண்டியை அடைந்தது. கோப்பியும் பின்னர்த் தேயிலையும் கொழும்புத் துறைமுகத்திற்கு இறங்கின. இலண்டன் வணிகரின் வாரமே மலைநாட்டுத் தோட்டத்தின் வாரமாயிற்று. பௌத்தர்களின் முறையீட்டுக்குப் பின்னர், 1885ஆம் ஆண்டிலேதான் வெசாக் பௌர்ணமி அரசாங்க விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. நாட்டு மக்களிற் பெரும்பாலோரின் புனித நாளுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள். ஆட்சியாளரின் புனித நாளுக்கோ வாரந்தோறும் ஒரு நாள். சுதந்திரத்திற்குப் பின்னும் பல ஆண்டுகள் பௌத்தர் மனத்தில் இது முள்ளாய் உறுத்தியதில் வியப்பில்லை.

இதனை மாற்றுவதற்கே 1965ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க விடுமுறைச் சட்டம் வந்தது. அப்போது டட்லி சேனநாயக்கா பிரதமராயிருந்தார். 1966 முதல் ஞாயிற்றுக்கிழமை வாராந்த விடுமுறை என்னும் நிலை ஒழிந்தது. அமாவாசை, வளர்பிறையின் நடுநாள், பௌர்ணமி, தேய்பிறையின் நடுநாள் என்னும் நான்கு போயா நாட்களே ஓய்வு நாட்களாயின. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறை.

கொள்கையளவில் இதிற் குறை காண்பதற்கில்லை. இடையூறு கணிதத்திலே இருந்தது. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்குச் சராசரி 29 நாள் 12 மணி 44 நிமிடம் ஆகும். அதனை நான்காற் பகுத்தால் ஏழு நாளும் ஏறத்தாழ ஒன்பது மணியும் வரும். எனவே போயாவுக்கும் போயாவுக்கும் இடையிலே சில வேளை ஏழு நாள், சில வேளை எட்டு நாள், அரிதாக ஆறு நாள். எட்டு நாள் வாரத்தில் எழுத்தர் ஆறரை நாள் தொடர்ந்து உழைத்தார். ஏழு நாள் வாரத்தில் ஐந்தரை நாள். அடுத்த செவ்வாய் வந்து காணுகிறேன் என்று கடிதம் எழுதிய வெளிநாட்டு வணிகர், அந்தச் செவ்வாய் வேலை நாளா, அரைநாளா, ஓய்வு நாளா என்பதைப் பஞ்சாங்கம் பார்த்தே அறிய வேண்டியிருந்தது.

உலக வாணிகத்தை எண்ணிப் பார்த்தால் சிக்கல் இன்னும் விளங்கும். போயா புதன்கிழமை வந்ததென்று கொள்வோம். செவ்வாய் பிற்பகலும் புதனும் இலங்கையில் வங்கி இல்லை. சனியும் ஞாயிறும் இலண்டனில் வங்கி இல்லை. இரு பக்கமும் ஒருங்கே திறந்திருப்பது வாரத்தில் மூன்றரை நாளே. போயா ஞாயிற்றில் விழுந்தாலோ ஐந்து நாளும் கிடைக்கும். ஒரு வாரம் இருந்தபடி மறுவாரம் இருப்பதில்லை. தேயிலையை விற்று அரிசி வாங்கும் நாட்டுக்கு இது சிறு தொல்லையன்று. கிறித்தவர்க்கோ ஞாயிறு வேலை நாளாயிற்று; பௌத்தர்க்கு முன்பு நேர்ந்த குறையே இப்போது அவர்க்கு நேர்ந்தது. ஒருவர் மனக்குறையைத் தீர்க்கும் சட்டம் இன்னொருவர் வீட்டில் அதே குறையைக் கொண்டுபோய் வைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இம்முறை ஆறு ஆண்டும் நிலைக்கவில்லை. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, 1971ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தின் மூலம் சனி, ஞாயிறு ஓய்வை மீட்டது. பௌர்ணமிப் போயாவை மட்டும் பொது விடுமுறையாக நிறுத்திக்கொண்டது. இன்றுவரை நடப்பது அந்த ஏற்பாடே. ஆண்டில் பன்னிரண்டு பௌர்ணமி. சில ஆண்டுகளிற் பதின்மூன்று. இவற்றோடு தைப்பொங்கல், மகா சிவராத்திரி, தீபாவளி, இஸ்லாமியப் பெருநாட்கள், நத்தார் ஆகியனவும் விடுமுறைகள். பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வணிக நிறுவன விடுமுறை என மூவகை உண்டு. இம்மூன்று பட்டியலும் எல்லா நாளிலும் ஒத்திருப்பதில்லை. அரசு அலுவலகம் மூடியிருக்கக் கடைத்தெரு திறந்திருப்பதைக் கண்டு வெளிநாட்டார் குழம்புவது இதனாலேயே.

சித்திரைப் புத்தாண்டு வேறு வகை. ஏப்ரல் 13, 14 என்று நாட்காட்டி இரண்டு நாளையே காட்டும். ஆனால் கடைக்காரரும் வண்டியோட்டுவோரும் தத்தம் ஊர்களுக்குச் சென்றுவிடுவதால், கண்டிக் கடைத்தெரு அதற்குப் பின்னும் பல நாட்கள் ஓய்ந்தே கிடக்கும். அந்த வாரத்தில் கணக்கு முடிக்க வருபவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

தமிழர் விழாக்களும் அதே நிலவையே பற்றி நடப்பவை. கண்டிக்கு வடக்கே மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத் தேர் பௌர்ணமியை ஒட்டி வரும். அந்நாளில் தோட்டங்களிலிருந்து மக்கள் திரள்வதால் மாத்தளை வீதியிற் போக்குவரத்து எளிதன்று.

எல்லாவற்றினும் வெளிநாட்டார் மிகுதியாக ஏமாறுவது எசல பெரஹராவிலே. எசலப் பௌர்ணமி பெரும்பாலும் ஜூலையில் வருகிறது. பெயரை நம்பி அந்நாளுக்கு விடுதியில் இடம் பிடித்தவர், யானையும் இல்லை தீவட்டியும் இல்லை என்று கண்டு திகைப்பர். பெரஹரா வழக்கமாக நிறைவெய்துவது அதற்கடுத்த நிகினிப் பௌர்ணமியில், அதாவது ஆகஸ்டிலாகும். முதலில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்கள் நான்கிலும் பலாமரக் கால் நடுவர். பின்னர் ஐந்து இரவு கும்பல் பெரஹரா, அதன்மேல் ஐந்து இரவு ரந்தோலி பெரஹரா. அவ்விரவுகளில் நகர வீதிகள் மூடப்படும். விடுதி வாடகை பன்மடங்கு ஏறும். பகலில் வணிகம் பேச வந்தவர் மாலையில் வெளியேற வழியின்றி நிற்பர்.

பௌர்ணமி இரவுக்கு மறுநாள், மகாவலி கங்கைக் கரையிலுள்ள கெட்டம்பேயில் நீர் வெட்டும் சடங்கு நடைபெறும். அதன்பின் பகற்பொழுதிலே ஒரு பெரஹரா நகரை வலம் வரும். இறுதி இரவோடு விழா முடிந்ததென்று எண்ணி விடியற்காலை ரயில் ஏறுவோர் அதனைக் காண்பதில்லை.