அப்பாரு ஒரு ஏக்கர் விற்று வாங்கிய துப்பாக்கி

லண்டனில் என் ஆபீசில் இருந்து பத்து நிமிடம் நடந்தால் சவுத் ஆட்லி தெரு. அங்கே மூலையில் ஒரு பழைய கட்டிடம். பர்டி என்று போர்டு. 1814-ல் ஆரம்பித்த துப்பாக்கிக் கம்பெனி, 1883-ல் இருந்து இதே இடத்தில் கடை. மதியச் சாப்பாடு முடிந்து நடக்கும்போது அந்த ஜன்னல் முன்னால் என் கால் தானாக நிற்கும்.

நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். வாழ்க்கையில் ஒரு தடவை கூடத் துப்பாக்கி சுட்டது கிடையாது. ஊரில் பேங்க் வாசலில் வாட்ச்மேன் வைத்திருக்கும் ஒற்றைக்குழல் தவிர வேறு துப்பாக்கியோடு உத்தியோக சம்பந்தமும் இல்லை. அப்புறம் ஏன் நிற்கிறேன்? எல்லாம் எங்க அப்பாருவால் வந்தது. (கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா.)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க ஊர் வாளையார் பக்கம். கோயமுத்தூரில் இருந்து பாலக்காடு போகிற வழியில் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அதே வாளையார்தான். 1956-க்கு முன்னால் மலபார் ஜில்லா, சென்னை மாகாணம். இப்போது கேரளா. மலையடிவாரத்தில் காடு, காட்டை ஒட்டித் தோட்டம். கடலை போட்டால் பன்றிக்கு, வாழை போட்டால் யானைக்கு. மிச்சம் இருந்தால் நமக்கு.

அப்பாருவிடம் முதலில் இருந்தது கருமருந்து இடித்துப் போடுகிற நாட்டுத் துப்பாக்கி. மழைக்காலத்தில் அது வெடிப்பதும் வெடிக்காததும் அதன் இஷ்டம். 1950-களின் கடைசியில் நெல்லியாம்பதி எஸ்டேட் துரை ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குத் திரும்பினார். அவருடைய ரெட்டைக்குழல் வெப்லி அண்ட் ஸ்காட் விலைக்கு வந்தது. பர்மிங்காமில் செய்தது. அப்பாரு ரோட்டை ஒட்டி இருந்த ஒரு ஏக்கரை விற்று அதை வாங்கினார். எங்க ஆத்தா சாகும் வரை அதற்கு அவரை மன்னிக்கவில்லை. "மண்ணை வித்து இரும்பு வாங்குன மனுசன்" என்றுதான் சொல்லும்.

சரி, அப்படி என்ன இருக்கிறது அந்த இரும்பில்?

லண்டன் துப்பாக்கி என்பது தையல்காரரிடம் சட்டை தைப்பது மாதிரி. வாங்குகிறவரின் கை நீளம், தோள், கண் எல்லாம் அளந்து, பல நூறு மணி நேரம் கையால் இழைத்துச் செய்வார்கள். வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பர்டியின் புது ரெட்டைக்குழல் இன்று வரியோடு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும். நம் மகாராஜாக்கள் இதை ஜோடி ஜோடியாக வாங்கினார்கள். பர்மிங்காம்காரர்கள் சிக்கனக்காரர்கள். 1875-ல் அங்கே வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆன்சன், டீலி என்ற இருவர் விசை எந்திரத்தைச் சுருக்கி ஒரு பெட்டிக்குள் அடக்கினார்கள். பாகங்கள் குறைவு, விலையும் குறைவு, உழைப்பு மட்டும் குறையாது. எஸ்டேட் துரைகள் வாங்கியது பெரும்பாலும் இந்த வகை. அப்பாருவுடையதும் அதுதான்.

இந்தியாவின் சட்டம் சீமைத் துப்பாக்கியின் அளவையே மாற்றியிருக்கிறது தெரியுமா? .450 அளவுத் தோட்டா கிளர்ச்சிக்காரர்களின் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கும் உதவும் என்று பயந்து, 1907 வாக்கில் அந்த அளவை இங்கே தடை செய்தார்கள். யானை, புலி வேட்டைக்காரர்கள்தான் கம்பெனிகளுக்குப் பெரிய கிராக்கி. உடனே .465, .470 என்று புது அளவுகள் பிறந்தன. ஆப்பிரிக்காவில் யானை சுட்டவர்கள் கூட அப்புறம் அந்த .470-ஐத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

ஆனால் யார் வைத்துக்கொள்ளலாம் என்பது வேறு கதை. மருது சகோதரர்களை ஒடுக்கிய 1801-லேயே கம்பெனி தென் சீமையில் ஆயுதங்களைப் பறித்தது. 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்றது, வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு கொடுத்தது. எஸ்டேட் துரை சும்மா தோளில் மாட்டிக்கொண்டு போவார், நம்ம ஆள் அதே துப்பாக்கிக்கு ஆபீஸ் ஆபீசாக நிற்க வேண்டும். அப்பாருவின் ஆசையில் பன்றி பாதி என்றால் இந்த வயிற்றெரிச்சல் மீதி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. துரை வைத்திருந்ததை நாமும் வைத்திருக்க வேண்டும்.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1959-ல் புதுச் சட்டம் வந்தது. நிற பேதம் போனது, லைசென்ஸ் தங்கியது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை முடிந்தது. 1980-களின் நடுவில் சாதாரண ஆட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வதும் நின்று போனது. இங்கேதான் என் பேங்க் மூளை விழித்துக்கொள்கிறது.

வரத்து நின்றுவிட்டது. உள்ளே இருப்பது மட்டும்தான் சரக்கு. ஆசைப்படுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். விலை என்ன ஆகும்? பழைய வெப்லி ரிவால்வர் லட்சக்கணக்கில் கை மாறியது. சுங்கத்துறை பறிமுதல் செய்த சீமைத் துப்பாக்கிகளை எம்.பி.க்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் மலிவாக விற்ற கதையும் நடந்தது. மற்றவர்களுக்கு அரசாங்கத் தொழிற்சாலைச் சரக்கு. 2014-ல் கான்பூரில் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற சின்ன ரிவால்வர் விட்டார்கள். அதுவே 1 லட்சத்து 22 ஆயிரம்! அன்றைக்கு ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சம்பளம்.

இப்போது இந்தப் பக்கம் பாருங்கள். வெப்லி அண்ட் ஸ்காட் 1979-லேயே துப்பாக்கி செய்வதை நிறுத்தியது. அவர்களுடைய பழைய ரெட்டைக்குழல், அப்பாருவுடையதைப் போன்றதே, இங்கே ஏலத்தில் சில நூறு பவுண்டுக்குப் போகிறது. நல்ல குளிர் கோட்டு ஒன்றின் விலை! ஊரில் லட்சங்களில் பேசப்படும் அந்த ரிவால்வரையோ இங்கே வீட்டில் வைத்திருந்தால் ஜெயில்தான். டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைச் சுட்ட கொடுமைக்குப் பிறகு 1997-ல் கைத்துப்பாக்கிகளை மொத்தமாகத் தடுத்துவிட்டார்கள். இரும்பு ஒன்றுதான். நடுவில் நிற்கும் சட்டம்தான் ஒரு பக்கம் குப்பையாகவும் மறுபக்கம் புதையலாகவும் ஆக்குகிறது.

இதெல்லாம் நான் ஜன்னல் பார்த்துக்கொண்டே யோசித்தது. போன வருஷம் ஊரில் இருந்து சித்தப்பா போன் செய்தபோது விஷயம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

அப்பாருவுக்கு அப்புறம் லைசென்ஸ் சித்தப்பா பேரில். அவருக்கு வயது 74, தோள் வலி. 2016 ஆயுத விதிகளின்படி எழுபது வயதானவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பேருக்கு மாற்றலாம். ஆனால் வாரிசு எங்கே? நான் லண்டன், தம்பி சிங்கப்பூர், சித்தப்பா மகன் துபாய். கோயமுத்தூரில் ஒருத்தர் நல்ல விலை சொன்னாராம். ஆசைக்குச் சேர்த்து வைக்கிறவர், ஏற்கனவே ஒன்று இருக்கிறது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருவருக்கு இரண்டுதான், அந்த இரண்டாவது இடத்துக்கு நம்முடையது.

இன்னொருவர் பக்கத்துத் தோட்டத்துப் பையன். 2022 மே மாதம் கேரள அரசு பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவு போடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுட லைசென்ஸ் உள்ள ஆட்கள் வேண்டும். பையனிடம் லைசென்ஸ் இருக்கிறது, நல்ல துப்பாக்கி இல்லை. அவன் கொடுக்க முடிந்தது கோயமுத்தூர்க்காரர் சொன்னதில் பாதி கூட இல்லை.

"நீதான் பேங்க்காரன், சொல்லு கண்ணு" என்றார் சித்தப்பா.

கணக்குப் போட்டேன். அப்பாரு விற்ற அந்த ரோட்டோர ஏக்கர் இன்றைக்குக் கோடிகளில். யாருக்கு, என்ன விலைக்கு விற்றாலும் ஆத்தா சொன்னதுதான் சரி, நஷ்டம் நஷ்டம்தான். அப்படியானால் லாபக் கணக்கு பார்த்து என்ன பிரயோஜனம்? அதைச் சொன்னேன். சித்தப்பா சிரித்தார். "கண்ணாடி அலமாரிக்குப் போறதுக்கு அது கடலைக்காட்டுக்கே போகட்டும் கண்ணு. அப்பன் அதுக்குத்தானே வாங்குனாரு."

அதற்கு மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கேட்கவில்லை. கலெக்டர் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்து, சட்டப்படி 45 நாள் பொறுத்து, பையன் கைக்குப் போய்விட்டது.

உங்களில் பலர் வீட்டிலும் பரணில் தாத்தா துப்பாக்கி ஒன்று துணி சுற்றிக் கிடக்கலாம். லைசென்ஸ்காரர் இறந்த பிறகு அப்படி வைத்திருப்பது குற்றம். "அடுத்த லீவில் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். யாருக்கு என்பதை அப்புறம் நிதானமாக முடிவு செய்யலாம். ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்கள் தலையில் அதையும் சுமத்த வேண்டாம்.

நான் இன்னமும் அந்த ஜன்னல் முன்னால் நிற்கிறேன். விலை பார்ப்பதில்லை.