ஜொகூர்ச் செம்மண்ணும் மூன்று எலக்ட்ரான்களும்

ஜொகூர் மாநிலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டில் இரும்புத்தாதும் பாக்சைட்டும் கப்பல் கப்பலாக வெளியேறின. இரண்டும் உள்ளூரில் உருக்கப்படவில்லை. தாதாகவே பெரும்பாலும் ஜப்பானுக்குப் போயின. பத்து பஹாட்டுக்கு அருகே ஸ்ரீ மேடானில் இஷிஹாரா ஹிரோஇச்சிரோ என்ற ஜப்பானியர் தொடங்கிய சுரங்கத்தின் இரும்புத்தாது 1921 முதல் யவாத்தா எஃகாலைக்குச் சென்றது. 1930களில் பத்து பஹாட் வட்டாரத்திலேயே பாக்சைட்டும் வெட்டப்பட்டது. போருக்குப் பின், 1950களில், தென்கிழக்கு முனையான பெங்கெராங்கின் தெலுக் ராமுனியா பாக்சைட்டுக்குப் பெயர்போன இடமாயிற்று. கடலுக்கு அப்பால் பிந்தான் தீவில் டச்சு நிறுவனமொன்று 1935 முதல் அதே வகைத் தாதைத் தோண்டிக்கொண்டிருந்தது.

முதலீடும் காலனி ஆட்சியின் வணிக ஏற்பாடும் இந்த வரலாற்றுக்குக் காரணங்கள்தாம். ஆனால் அவற்றுக்கும் அடியில் அணுவின் அமைப்பு என்ற காரணம் ஒன்று இருக்கிறது. சுரங்க வரலாறுகள் பெரும்பாலும் அதைத் தொடாமலே போய்விடுகின்றன.

வாயு நிலையிலுள்ள ஓர் அணுவிடமிருந்து, அது மிகத் தளர்வாகப் பற்றியிருக்கும் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவைப்படுவதே முதல் அயனியாக்க ஆற்றல். அணுக்கருவின் மின்னூட்டம் கூடினால் அது உயரும். எலக்ட்ரான் கருவிலிருந்து விலகியிருந்தாலும், உட்கூடுகளின் எலக்ட்ரான்கள் கருவின் ஈர்ப்பை மறைத்தாலும் அது குறையும். எலக்ட்ரான் எந்தத் துணைக்கூட்டில் இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். மக்னீசியத்துக்கு ஒரு மோலுக்கு 738 கிலோஜூல். கருவில் ஒரு புரோட்டான் கூடுதலாக உள்ள அலுமினியத்துக்கோ 578தான். அலுமினியத்தின் கடைசி எலக்ட்ரான் 3p துணைக்கூட்டில், ஆற்றலில் சற்று மேலே இருப்பதால் எளிதில் கழன்றுவிடுகிறது.

முதல் எலக்ட்ரானோடு நின்றுவிட்டால் செம்மண்ணின் கதை விளங்காது. அலுமினியத்தின் அடுத்தடுத்த ஆற்றல்கள் 578, 1817, 2745 என்று ஏறி, நான்காவதில் 11,577 ஆகத் தாவுகின்றன. மூன்று எலக்ட்ரான்களோடு வெளிக்கூடு காலியாகிவிடுகிறது. நான்காவதை நியான் போன்ற நிறைந்த உட்கூட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சோடியத்தில் இந்தத் தாவல் இரண்டாவதிலேயே வந்துவிடுகிறது: 496க்கு அடுத்தது 4562. ஆகவே பாறைகளில் சோடியம் ஒற்றை மின்னூட்டமுள்ள பெரிய அயனியாக இருக்கிறது. அலுமினியம் மூன்று மின்னூட்டமுள்ள மிகச் சிறிய அயனியாக, சுற்றியுள்ள ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்கிறது.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஜொகூரில் இந்த வேறுபாட்டின் விளைவு பெரிது. பாறை சிதையும்போது சோடியமும் பொட்டாசியமும் கால்சியமும் நீரோடு கரைந்து கடலுக்குப் போகின்றன. சிலிக்காவும் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. அலுமினிய ஹைட்ராக்சைடோ எளிதில் அசைவதில்லை. அதுவே திரண்டு பாக்சைட் ஆகிறது. கையிலெடுத்தால் அது செம்பழுப்பு உருண்டைகளும் களிமண்ணும் கலந்த கட்டி. கழுவிக் களிமண்ணை நீக்கிய பிறகுதான் விற்பனைக்கு ஆகும். இப்படிச் சத்து கழுவப்பட்ட மண்ணில்தான் ரப்பரும் செம்பனையும் நடப்பட்டன. மழை கொண்டுபோன பொட்டாசியத்தை மூட்டை மூட்டையாகத் திரும்பக் கொட்டி உரமிடும் வேலையைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாகச் செய்தார்கள்.

மண்ணுக்குச் சிவப்பைத் தருவது இரும்பு. அதன் அயனியாக்க ஆற்றல்கள் 762, 1562, 2957. நடுவில் அலுமினியத்தினுடையது போன்ற பெருந்தாவல் இல்லை. ஆகவே அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையிலும் மூன்றை இழந்த நிலையிலும் இருக்கவல்லது. காற்றுப் புகாத ஈரநிலத்தில் முதல் நிலையில் நீரில் கரைந்திருக்கும். காற்றுப் பட்டதும் மூன்றாவதையும் இழந்து துருவாகப் படியும். தோட்டத்துக் கால்வாய்களில் தேங்கிய நீரின் ஓரங்களில் படியும் ஆரஞ்சு நிறச் சேறு பெரும்பாலும் இந்த மாற்றத்தால் உண்டாவதே.

தாதிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது என்பது அயனிக்கு இழந்த எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுப்பது. இரும்பு ஆக்சைடுக்குக் கரியே போதும். நிலக்கரி கிடைத்த யவாத்தாவுக்கு ஸ்ரீ மேடான் தாது போனதில் வியப்பில்லை. அலுமினிய ஆக்சைடு அப்படி இணங்காது. மூன்று எலக்ட்ரான்களைப் பிரிக்கச் செலவாகும் மொத்தம் ஒரு மோலுக்கு 5,140 கிலோஜூல். ஆக்சிஜனோடு படிகமாகும்போது அதைவிட மிக அதிகமான ஆற்றல் வெளியாவதால் அந்தப் பிணைப்பு அவ்வளவு உறுதியாகிவிடுகிறது. 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்ட வழி, உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து, சுமார் 950 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் பாய்ச்சுவது. ஒரு டன் உலோகத்துக்கு ஏறத்தாழ 13,000 முதல் 15,000 யூனிட் மின்சாரம் வேண்டும்.

அப்படிப்பட்ட மலிவு மின்சாரம் தெலுக் ராமுனியாவில் இருக்கவில்லை. தாது இருந்தும் ஜொகூரில் உருக்காலை எழாததற்கு இதுவே அடிப்படைக் காரணம் என்று கொள்ளலாம். தமிழ்நாட்டின் மேட்டூரோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட், பக்கத்தில் காவிரி அணையின் மின் நிலையம். இரண்டும் சேர்ந்த இடத்தில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது.

மலேசியாவில் அலுமினியம் உருக்கும் தொழில் ஜொகூருக்கு வராமல் சரவாக்குக்குப் போனது. பிரஸ் மெட்டல் நிறுவனம் 2009இல் முக்காவிலும், பின்னர் 2,400 மெகாவாட் திறனுள்ள பக்கூன் நீர்மின் நிலையத்தை நம்பிச் சமலாஜுவிலும் ஆலைகளை நடத்தத் தொடங்கியது. ஒருகாலத்தில் பாக்சைட் வெட்டப்பட்ட பெங்கெராங்கில் இன்று பெட்ரோனாசின் எண்ணெய் சுத்திகரிப்பு வளாகம் இயங்குகிறது.