தஞ்சைப் பண்ணை வீடு

காவிரி டெல்டாவில் மிராசுதார்கள் என்ற பெரும் நிலவுடைமையாளர்கள் குடியிருந்த, நெல்லைச் சேமிக்கவும் சாகுபடியை நிர்வகிக்கவும் ஏற்றபடி அமைந்த பெரிய வீடு. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒருவரின் வசதியை வேலிக் கணக்கில்தான் பேசுவார்கள். 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய 6.6 ஏக்கர்.

வண்டல் பூமியில் கல் கிடைக்காது. களிமண்ணைச் சுட்டெடுத்த செங்கல்லும் நாட்டு ஓடும்தான் கட்டுமானப் பொருள்கள். தெருவைப் பார்த்த திண்ணை, ரேழி, கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம். இரண்டாங்கட்டில் அடுக்களை, கிணறு. அதற்கும் பின்னால் மாட்டுக் கொட்டில், கொல்லை. ஐப்பசி மழையில் தாழ்வார ஓடுகளிலிருந்து கொட்டும் தண்ணீரை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடிப்பார்கள்.

வீட்டின் உயிர்நாடி பத்தாயம். கனத்த பலகைகளைப் பொருத்திச் செய்த ஆளுயர மரப்பெட்டி அது. ஈரமும் கரையானும் ஏறாதபடி தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்திருப்பார்கள். மேலே திறந்து நெல்லைக் கொட்டுவார்கள். அடியிலுள்ள சிறு வாயைத் திறந்து வேண்டிய அளவு எடுப்பார்கள். பத்தாயம் கொள்ளாத நெல் மண்குதிருக்கும், வைக்கோல் பிரி சுற்றிய சேருக்கும் போகும்.

இதோடு நிறுத்தினால் பாதி வரலாறுதான் சொன்னதாகும். அந்த நெல்லை விளைவித்த பண்ணையாட்கள் பெரும்பாலும் தலித் மக்கள். ஊருக்கு வெளியே சேரியில், களிமண் சுவரும் கீற்றுக் கூரையுமான குடிசைகளில் இருந்தார்கள். குடிசை நின்ற மனையும் பல இடங்களில் மிராசுதாருடையதே. வேலையை விட்டால் வீடும் போய்விடும். கூலியைக் களத்தில் மரக்காலால் நெல்லாக அளந்தார்கள். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனை. பண்ணை வீட்டின் அழகை வியப்பவர்கள் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1940-களில் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய விவசாயிகள் இயக்கம் இந்தக் கொடுமைகளை எதிர்த்து நின்றது. 1952-இல் ராஜாஜி அரசு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1961-இன் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என வரம்பு விதித்தது. 1970-இல் அது 15 ஆகக் குறைந்தது. ஆனால் சட்டங்கள் வந்தும் கூலிப் பிரச்சினை ஓயவில்லை. இதற்கிடையே, 1968 டிசம்பர் 25 அன்று பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் தஞ்சம் புகுந்த தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971-இல் வந்தது.