ஜான் கசவெட்டீஸின் திரைப்படங்களில் எழுத்துப் பிரதியும் தன்னெழுச்சி நடிப்பும்

அமெரிக்கச் சுயாதீனத் திரைப்பட வரலாற்றில் ஜான் கசவெட்டீஸ் (1929–1989) ஒரு முன்னோடியாகக் கருதப்படுகிறார். எழுத்து, இயக்கம், நடிப்பு ஆகிய மூன்றையும் மேற்கொண்ட அவரிடத்தில் எழுத்தாளர் மட்டும் போதிய கவனம் பெறவில்லை. இதற்கு ஒருவகையில் அவரே காரணம். அவரது முதற்படமான 'ஷேடோஸ்', தான் ஒரு தன்னெழுச்சி நடிப்பின் விளைவு என்ற அறிவிப்புடன் முடிகிறது. எழுதப்பட்ட உரையாடலின்றி, கதைச்சூழலை மட்டும் கொண்டு நடிகர்கள் அவ்விடத்திலேயே பேசி நடிப்பதைத் தன்னெழுச்சி நடிப்பு என்கிறோம். படைப்புக்குள்ளேயே இடம்பெற்ற இச்சான்றை ஆய்வாளர் அப்படியே ஏற்கலாமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

நியூயார்க்கில் கசவெட்டீஸ் நடத்திவந்த நடிப்புப் பட்டறையின் பயிற்சி ஒன்றே 'ஷேடோஸ்' படத்தின் கரு. 1957-இல் ஜீன் ஷெப்பர்டின் இரவு வானொலி நிகழ்ச்சியில் அவர் இதுபற்றிப் பேச, நேயர்கள் சிறு தொகைகளை அனுப்பினர். 16 மி.மீ. படச்சுருளில் படப்பிடிப்பு தொடங்கிற்று. 1958 இறுதியில் முதல் வடிவம் திரையிடப்பட்டது. ஜோனஸ் மேகாஸ் அதனை வியந்து போற்றினார். அவரது 'ஃபிலிம் கல்ச்சர்' இதழ் தன் முதல் சுயாதீனத் திரைப்பட விருதை அதற்கே அளித்தது. கசவெட்டீஸுக்கோ நிறைவு ஏற்படவில்லை. 1959-இல் புதிய காட்சிகளை எடுத்துப் படத்தை மாற்றியமைத்தார். மேகாஸ் அம்மாற்றத்தை வணிகச் சமரசமெனக் கண்டு நிராகரித்தார். இன்று நமக்குக் கிடைப்பது இவ்விரண்டாம் வடிவமே.

தொலைந்ததாகக் கருதப்பட்ட முதல் வடிவத்தை ரே கார்னி கண்டெடுத்து, 2004-இல் ராட்டர்டாம் விழாவில் திரையிட்டார். மறுபடப்பிடிப்பில் சேர்ந்த காட்சிகள் பெரும்பாலும் எழுதப்பட்டவை என்பது அவர் முடிவு. அதை ஏற்பின், அறிவிப்பானது அது இடம்பெற்றுள்ள படத்திற்கே முழுமையாகப் பொருந்தவில்லை. கசவெட்டீஸின் துணைவியார் ஜீனா ரோலண்ட்ஸ் முதல் வடிவத்தின் புழக்கத்தை எதிர்த்தமையால், இரு வடிவங்களையும் ஒப்பிட விழைவோர் கார்னியின் விவரிப்பையே பெரிதும் சார்ந்திருக்க நேர்கிறது. ஒரே ஆய்வாளரின் சாட்சியத்தின்மீது இவ்வளவு பாரம் ஏற்றுவது உகந்ததன்று. எனவே பிற்காலப் படங்களின் சான்றுகளையும் நோக்க வேண்டும்.

'எ சைல்ட் இஸ் வெயிட்டிங்' (1963) படத்தின் தொகுப்பைத் தயாரிப்பாளர் ஸ்டான்லி கிராமர் தம் விருப்பப்படி மாற்றியதால் மனங்கசந்த கசவெட்டீஸ், 'ஃபேசஸ்' படத்தை 1965-இல் தம் வீட்டிலேயே எடுத்தார். அது 1968-இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் 'த டர்ட்டி டசன்', 'ரோஸ்மேரிஸ் பேபி' போன்ற பிறர் படங்களில் நடித்துப் பெற்ற ஊதியமே அவரைத் தாங்கியது. 'த டர்ட்டி டசன்' படத்திற்காகத் துணை நடிகராக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர், மறு ஆண்டே 'ஃபேசஸ்' படத்தின் திரைக்கதை ஆசிரியராகப் பரிந்துரைக்கப்பட்டார். ஒத்திகையற்ற வாழ்க்கைத் துண்டாகப் பலர் கண்ட படத்தில் அகாதெமி ஓர் எழுத்தாளரை அடையாளங்கண்டது. திரைப்பட ஆய்வு அவரைக் காணத் தாமதித்தது என்பது வியப்பே.

'எ வுமன் அண்டர் த இன்ஃப்ளூயன்ஸ்' (1974) முதலில் மேடை நாடகமாகவே எழுதப்பட்டது. அப்பாத்திரத்தை இரவுதோறும் நடிப்பது இயலாதென ரோலண்ட்ஸ் கூறியபின் அது திரைக்கதையாயிற்று. வீட்டை அடகு வைத்தும், நடிகர் பீட்டர் ஃபாக்கின் முதலீட்டைக் கொண்டும் எடுக்கப்பட்ட இப்படத்தை விநியோகித்ததும் அவர்களே. இதற்காக அவர் இயக்குநராகப் பரிந்துரைக்கப்பட்டார். வரிகள் எழுதப்பட்டவை, உணர்ச்சியே தன்னெழுச்சியானது என்ற பொருளில் அவர் அளித்த விளக்கம் இங்குக் கருதத்தக்கது. சொல்லை நிலைநிறுத்திவிட்டு, அதைச் சொல்லும் முறையை நடிகரிடம் விட்டுவிடும் ஏற்பாடு அது. பிறர் படங்களில் கூலிக்கு நடித்த அனுபவம் அவரை இம்முறைக்கு இட்டுச்சென்றிருக்கலாம் என்பது என் கருத்து.

'ஓபனிங் நைட்' (1977) இச்சிக்கலையே கதையாக்குகிறது. தமக்கு அளிக்கப்பட்ட நாடகப் பாத்திரத்தை ஏற்க மறுக்கும் நடிகையாக ரோலண்ட்ஸும், அவருடன் மேடையேறும் நடிகராகக் கசவெட்டீஸும் தோன்றுகின்றனர். இறுதிக் காட்சியில் இருவரும் நாடகாசிரியையின் பிரதியைக் கைவிட்டு, பார்வையாளர் முன்னிலையில் தம் போக்கில் பேசத் தொடங்குகின்றனர். பிரதியைத் தகர்க்கும் அம்மேடையில், அப்படத்தை எழுதியவரே நடிகராக நிற்கிறார்.