அறிவியல் செய்திக்குக் காசு கொடுப்பது யார்? அது ஏன் முக்கியம்?

சித்தூர் மாவட்டம் வெதுருகுப்பத்திலிருந்து அதிக தூரமில்லை, காதங்கி. விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அங்கேதான் ரேடார் வைத்து மேல்வானக் காற்றை அளக்கிறது. அங்கே ஒரு புது ஆய்வு வெளிவந்தால் பக்கத்து ஊர்க்காரருக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலான உள்ளூர்ப் பத்திரிகைகளில் அறிவியலுக்கென்று தனி நிருபர் கிடையாது. ஏதாவது ஒரு செய்திச் சேவை எழுதினால்தான் உண்டு. சரி, அந்தச் சேவைக்குச் சம்பளம் யார் தர்றாங்க?

அரசே நடத்தினால்?

2017-ல் தொடங்கிய 'இந்தியா சயின்ஸ் வயர்' நல்ல உதாரணம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் இருந்த விஞ்ஞான் பிரசார் இதை நடத்தியது. இந்திய ஆய்வகங்களில் நடப்பதைச் செய்தியாக்கி ஊடகங்களுக்குக் கொடுத்தது. தேவையான வேலைதான். ஆனா, நாட்டின் பல ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி தருவதும் அதே துறை. 'புதுக் கருவி கண்டுபிடிச்சாங்க' என்று எழுதுவது சுலபம். 'அஞ்சு வருஷம் ஆச்சு, அந்தக் கருவி எங்கே?' என்று கேட்பது அவ்வளவு சுலபமில்லை. யாரும் போன் போட்டு மிரட்ட வேண்டாம், கேள்வி மனசுக்குள்ளேயே நின்னுடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 1989-ல் பிறந்த விஞ்ஞான் பிரசாரை, நிதி ஆயோக் பரிந்துரையின் பேரில் 2023-ல் மூடினார்கள். கொடுத்த கையே எடுத்தது.

அப்போ தனியார் பணம்?

அமெரிக்காவின் 'குவாண்டா' இதழுக்கு சைமன்ஸ் அறக்கட்டளை பணம் தருகிறது. ஆசிரியர் குழு சுதந்திரமாக இயங்குவதாக இதழே அறிவித்திருக்கிறது. இங்கே வெளிநாட்டுப் பணத்துக்கான கதவு குறுகல். டிஜிட்டல் செய்தி நிறுவனங்களில் அந்நிய முதலீட்டுக்கு 2019-ல் 26% உச்சவரம்பு வந்தது, அதற்கும் அரசு அனுமதி வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்சிஆர்ஏ சட்டத்தின் கட்டுப்பாடுகள் தனி.

மிச்சம் இருப்பது உள்நாட்டுக் கொடையாளர்களும் வாசகர்களும். 2016-ல் நந்திதா ஜெயராஜ், ஆஷிமா டோக்ரா தொடங்கிய 'தி லைஃப் ஆஃப் சயின்ஸ்' தளம் பொதுமக்களிடமும் நிதி திரட்டித்தான் ஆய்வகம் ஆய்வகமாகப் போய் பெண் விஞ்ஞானிகளைச் சந்தித்தது. சுதந்திரம் கூடுதல், அடுத்த வருஷத்துக்கு உத்தரவாதம் குறைவு.

வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பது?

தளத்தின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் நிதி தருபவர்களின் பெயர் இருக்கான்னு முதல்ல பாருங்க. பிறகு செய்திக்குள்ளே, அந்த ஆய்வோடு சம்பந்தமே இல்லாத ஒரு விஞ்ஞானியிடமாவது கருத்து கேட்டிருக்காங்களா என்று தேடுங்க. ஆய்வகம் அனுப்பிய பத்திரிகைக் குறிப்பை அப்படியே போட்டிருந்தால், அந்த ஆள் பெரும்பாலும் இருக்க மாட்டார்.